பதினோரு படியும் ஒரு புது சகோதரியும்

பக்கெட்டக்காவிடம் இரண்டு பக்கெட்டுகள் உண்டு. சிவப்பு தரைக்கு, நீலம் கழிவறைக்கு. யாராவது அவசரத்துக்கு மாற்றி எடுத்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க அக்கா உம்மென்று இருப்பார். சர்ச்சில் பாட்டுப் பாடும் பிள்ளைகள் வைத்த பேர்தான் பக்கெட்டக்கா. அந்தப் பிள்ளைகளே இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள், பேர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக அந்த சர்ச்சைக் கூட்டித் துடைக்கிறவர் அவர். கூட்டித் துடைக்கிறவர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் எனக்கே பொறுக்காது. வியாழக்கிழமை பெஞ்சுகளை நகர்த்திப் போட்டுத் தரை. வெள்ளிக்கிழமை ஜன்னல் கண்ணாடி, பழைய பேப்பரைக் கசக்கி, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும். சனிக்கிழமை பாட்டுப் புத்தகங்களைத் தூசி தட்டி, கிழிந்ததை ஒட்டி, பெஞ்சுக்கு எட்டு என்று அடுக்கி வைப்பது. ஞாயிறு விடியும் முன்னே கழிவறை, ஆராதனை முடிந்ததும் மறுபடி கழிவறை, நடுவில் ஏதாவது குழாய் ஒழுகினால் அதுவும் அக்கா தலையில்தான். மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டுகிற மகான் யார் என்று அக்காவுக்குத் தெரியும். அவர் கமிட்டியில் இருக்கிறார், அதனால் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

அக்கா சபையில் அங்கத்தினரும்கூட. ரிஜிஸ்தரில் பேர் இருக்கிறது. ஆனாலும் ஆராதனை நேரத்தில் அவர் இருப்பது பின்வாசல் நடையில், ஒரு ஸ்டூலில். முழங்கால் வரைக்கும் நீலக் கோட்டு, தலையில் துணிக்கட்டு. அந்தக் கோட்டை மாட்டினால் போதும், மனுஷி காணாமல் போய்விடுவார். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் நடுவில் ஒரு தூண் இருந்தால் எப்படிச் சுற்றிப் போவார்களோ அப்படிச் சுற்றிப் போவார்கள். நல்லவர்கள்தான், கெட்டவர்கள் என்று ஒருத்தரும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். கால் இரண்டும் நன்றாக இருந்த காலத்தில் சர்ச் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். ஞாயிற்றுக்கிழமைதான் ரோடு காலியா இருக்கும், அன்னைக்குப் போய் பாட்டுப் பாடச் சொல்றியே என்று சிரிப்பார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நின்றுகொண்டிருந்த லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். ஆயிரக்கணக்கான மைல் ஓட்டியவருக்கு, நின்ற லாரியில் போனது இரண்டு காலும். இரண்டு மாசம் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் திடீரென்று, "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றார். அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். போய் நின்ற பிறகுதான் உறைத்தது, முன்வாசலுக்கு ஏற பதினோரு படி, பின்வாசலுக்கும் எட்டுப் படி. பதிமூன்று வருஷம் போல அந்தப் படிகளைக் கழுவியவர், அவை படிகள் என்று அன்றைக்குத்தான் பார்த்தார். இரண்டு பேர் ஓடிவந்து டிரைவரைத் தூக்கினார்கள். ஆறாவது படியில் ஒருத்தருக்குச் செருப்பு வழுக்கியது. மூன்று பேரும் சேர்ந்து இறங்கினார்கள், படி வழியாக இல்லை.

"நான் என்ன அரிசி மூட்டையா?" என்று டிரைவர் கத்தினார். "இனிமே ஒருத்தரும் என்னைத் தொடக்கூடாது. என் வண்டி போற மாதிரி வழி இருந்தா போறேன். இல்லன்னா இங்கயே இருக்கேன்."

இருந்தார். ஒன்பது வருஷம் இருந்தார். படிக்கட்டுக்குக் கீழே, ஒலிபெருக்கிக்கு அடியில், மழைக்கு ஒரு குடை, வெயிலுக்கு அதே குடை. அவரைச் செருப்புக்குக் காவல் இருக்கிறவர் என்று நினைத்து நிறையப் பேர் குடையையும் பையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். உள்ளே ஒருத்தர் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை, ஆனால் சத்தத்தை வைத்து சபை முழுக்க அத்துப்படி. எல்லாருக்கும் கடைசியில் ஆமென் சொல்கிறவர், மைக்கை ஊதிப் பார்க்கிறவர், இருமல்காரம்மா என்று பேர் வைத்திருந்தார். ஒருமுறை, "இருமல்காரம்மா ரெண்டு வாரமா வரல, என்னன்னு கேளு" என்றார். அக்கா விசாரித்தால், அந்தம்மா ஆஸ்பத்திரியில். உள்ளே இருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் டிரைவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. "உள்ள எப்படி இருக்கும்?" அக்கா பெஞ்சைச் சொல்வார், ஜன்னலைச் சொல்வார். "அது சரி, எப்படி இருக்கும்?" என்பார் மறுபடி. இந்த மனுஷரை ஒரே ஒரு தடவையாவது உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துவிட வேண்டும். அக்காவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை என்று பெரிதாக எதுவும் இல்லை.

நாலு தடவை மனு எழுதிக் கொடுத்தார். நாலையும் வாங்கியவர் கமிட்டிச் செயலாளர். ஏதோ ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "பரிசீலிக்கிறோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் ஏன் கண்ணை மூடுகிறார் என்பது அக்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்கள் சபை எல்லாரையும் வரவேற்கிறதா, கடந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தார்கள். ஒருத்தர். அவரும் கல்யாண மண்டபம் என்று நினைத்து உள்ளே வந்து, பாதிப் பிரசங்கத்தில் சாப்பாடு எப்போது என்று கேட்டவர். கமிட்டிக்கு மானம் போய்விட்டது. உடனே வரவேற்புக் குழு ஒன்று போட்டார்கள். தலைவி, பல் டாக்டரம்மா.

டாக்டரம்மாவுக்குத் தங்கமான மனசு. எதைச் செய்தாலும் முழு மூச்சில் செய்வார், அதுதான் சிக்கல். எட்டுப் பேரைச் சேர்த்து மூன்று வாரம் பயிற்சி வகுப்பு நடத்தினார். முதல் பாடம் சிரிப்பு. "மேல் பல் எட்டும் தெரியணும். ஈறு தெரியக்கூடாது. ஈறு தெரிஞ்சா வந்தவங்க பயந்துருவாங்க." எட்டுப் பேரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டினார்கள். இரண்டாவது பாடம், புதிதாக வந்தவர் கூச்சப்பட்டு எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார், விடக்கூடாது. மூன்றாவது பாடம், அவர் நிரப்பிக் கொடுக்கிற படிவம் நமக்குப் பொன் மாதிரி, அதில் சொன்ன குறையை ஒரே வாரத்தில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார். இவ்வளவையும் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக அக்காவும் கேட்டார். அவர்கள் காலுக்கு நடுவில்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

குழு தயார். ஆனால் வரவேற்க ஆள் வரவேண்டுமே. மூன்று ஞாயிறு முன்வாசலில் எட்டுப் பேரும் பல்லோடு நின்றார்கள், ஒரு ஈ காக்கை வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பால்காரர் ஒருத்தரைப் பிடித்து இழுத்ததில், அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

நாலாவது ஞாயிறு இரண்டு விஷயம் நடந்தது. புதுக் கோட்டு தைக்க அளவுக்காக அக்காவின் நீலக் கோட்டைத் தையல்காரர் வாங்கிப் போயிருந்தார். பின்வாசல் பூட்டு மழையில் துருப்பிடித்துத் திறக்கவில்லை. அக்கா விடியலில் கழிவறைக்கு மட்டும் போகிற பக்கத்து வாசல் வழியாக அதை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல பச்சைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, டிரைவரை ஒலிபெருக்கிக்கு அடியில் விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் பதினோரு படி ஏறி முன்வாசலுக்கு வந்தார்.

எட்டுப் பேரும் பாய்ந்தார்கள்.

"வாங்க சிஸ்டர், வாங்க! முதல் தடவையா?" டாக்டரம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்கம்மா. நான் இங்கதான்..."

"இங்கதான்! இதுதான் உங்க வீடு! அப்படித்தான் நினைக்கணும்!"

"அது சரிங்கம்மா, நான் புதுசு இல்லைங்கறேன்."

"கடவுள் முன்னாடி யாருமே புதுசு இல்ல சிஸ்டர்." டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகாச் சொன்னீங்க!"

வியாழக்கிழமை இதே டாக்டரம்மா, "ஏம்மா, அந்த மூலையையும் துடைச்சுடு" என்று சொன்னவர். ஒரு சேலை மாற்றியதில் நீ போய் நீங்க வந்துவிட்டது. அக்காவை நடத்திக்கொண்டு போய் முதல் வரிசையில், மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மெத்தையை அக்கா ஆயிரம் தடவை தட்டியிருப்பார், உட்கார்ந்தது இன்றைக்குத்தான். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பிரசங்க மேடைக்கு மேலே ஒரு ஒட்டடை தெரிந்தது. இத்தனை வருஷமா இங்க இருந்திருக்கே சனியன், என் கண்ணுல படலையே என்று மனுஷிக்கு ஒரே வேதனை. பிறகு சர்ச்சுக்குள்ளே சனியன் என்று நினைத்துவிட்டோமே என்று அதற்கு ஒரு வேதனை.

முடிந்ததும் காபி, கேக், படிவம். அக்கா பேனாவை வாங்கி உள்ளதை உள்ளபடி எழுதினார். பேர், முகவரி. எவ்வளவு காலமாக எங்கள் சபைக்கு வருகிறீர்கள்? இருபத்திரண்டு வருஷம். எங்கள் சபையில் என்ன குறை? இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை தானாக ஓடியது. நாலு தடவை எழுதிப் பழகிய கை. "என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பதினோரு படி ஏற முடியாது. தயவுசெய்து ஒரு சாய்வுப் பாதை கட்டித் தரவும்."

திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. அக்கா, தையல்காரரிடமிருந்து திரும்பி வந்த பழைய கோட்டில், சிவப்பு பக்கெட்டோடு அதே அறையில் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க! ஒரே ஒரு தடவை வந்தவங்க! வந்த அன்னைக்கே அவங்க கண்ணுக்குப் பட்டிருக்கு, நமக்குப் பட்டுச்சா? சாய்வுப் பாதை இல்லாத சர்ச்சு ஒரு சர்ச்சா?"

"இருபத்திரண்டு வருஷமா வர்றேன்னு போட்டிருக்காங்களே" என்றார் செயலாளர்.

"பதட்டத்துல வயசை எழுதிட்டாங்க."

"அவங்களைப் பார்த்தா ஐம்பது இருக்குமே?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது சார்."

செயலாளர் பேரை இன்னொரு தடவை படித்தார். "எங்கயோ கேட்ட பேரா இருக்கே." ரிஜிஸ்தரில் அந்தப் பேரைத் தன் கையால் எழுதியவரே அவர்தான்.

"காலைத் தூக்குங்க சார்" என்றார் அக்கா. செயலாளர் படிவத்தைப் படித்தபடியே காலைத் தூக்கினார்.

பத்தே நிமிஷம். பாதை கட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஒன்பது வருஷம் ஆகாதது பத்து நிமிஷத்தில். அக்காவுக்கு மாப் கட்டை கையில் நிற்கவில்லை. பொய் சொல்லி வாங்கிய மாதிரி மனசு உறுத்தியது, சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார்.

"அம்மா, அந்த சகோதரி நான்தாங்கம்மா."

டாக்டரம்மா எழுந்து வந்து அக்காவின் தோளில் கை வைத்தார். "கேட்டீங்களா? நம்ம பக்கெட்டக்கா சொல்றதைக் கேட்டீங்களா? அந்த சகோதரி நான்தான்! நீயும்தான்மா, நானும்தான், நாம எல்லாருமே அந்த சகோதரிதான்!" கமிட்டி முழுக்கக் கை தட்டியது. செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"நிஜமாவே கட்டுவாங்களா?"

"நாளைக்கே கொத்தனார் வர்றாராம்."

"அப்ப கட்டி முடியற வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

"நான் சொல்லிட்டேங்க. ரெண்டு தடவை சொல்லிட்டேன். கைதட்டுறாங்க!"

"ஒருத்தராவது நிஜமாக் கேட்டுட்டாங்கன்னா? வேலைக்காரி கேட்டதுக்கா கட்டுறோம்னு நிறுத்திட்டாங்கன்னா?" டிரைவர் தன் காலைப் பார்த்தார். "வேணாம். என்னால இன்னும் ஒரு ஒம்பது வருஷம் முடியாது."

அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கவில்லை. வந்தது வினை. அடுத்த ஞாயிறு டாக்டரம்மா ஆள் விட்டுத் தேடாத குறை, பச்சைச் சேலை சகோதரி முதல் வரிசையில் உட்கார்ந்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் மனசு ஒடிந்து போவார். உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டில் கழிவறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. செயலாளர் பின்வாசலில் நின்று, "பக்கெட்டக்கா! பக்கெட்டக்கா எங்க?" என்று கிசுகிசுப்பாகக் கத்தினார். முதல் வரிசையிலிருந்து அக்கா குனிந்து, சுவரோரமாக ஓடி, கோட்டை மாட்டி, தலையில் துணியைக் கட்டி, குழாயில் துணியைத் திணித்து, முக்கிய வால்வை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை எங்கதான் போயிடற நீ?" என்றார் செயலாளர்.

"முன்வரிசையில உக்காந்திருந்தேன் சார்."

"கிண்டலா?"

அவர் போனதும் கோட்டைக் கழற்றி, ஓடி, முதல் வரிசையில் மறுபடி உட்கார்ந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்த டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "புது ஆளுங்களுக்குக் கழிவறை எங்க இருக்குன்னு ஒரு போர்டு வைக்கணும்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பிரசங்கம் முடிவதற்குள் இதே கூத்து இன்னும் ஒரு தடவை நடந்தது. அன்றைக்கு ராத்திரி அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது, டிரைவர்தான் தைலம் தேய்த்துவிட்டார்.

மூன்றாம் வாரம் பாதை முடிந்தது. வாசலுக்கு இடதுபக்கமாக, கைப்பிடியோடு, சிமெண்டு பூசி வழவழவென்று. ஞாயிறு காலை திறப்பு. ரிப்பன், கத்தரிக்கோல், வரவேற்புக் குழு எட்டுப் பேர். புது சகோதரியும் அவர் வீட்டுக்காரரும் முதலில் ஏறவேண்டும். சனிக்கிழமை செயலாளர் அக்காவைக் கூப்பிட்டு, "நாளைக்கு கெஸ்ட் வர்றாங்க. ஏறுற நேரத்துக்குப் பாதை பளபளன்னு இருக்கணும், சோப்புப் போட்டுத் துடைச்சுடு" என்றார்.

எங்கே ஓடுவது? ஞாயிறு காலை அக்கா பச்சைச் சேலைக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். சோப்புப் போட்டுப் பாதையைத் துடைத்தார். துடைத்து முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. கோட்டோடு ஓடி, ஒலிபெருக்கிக்கு அடியில் இருந்த டிரைவரைத் தள்ளிக்கொண்டு பாதைக்குக் கீழே வந்து நின்றார். டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் ஓரமா நில்லு. கெஸ்ட் வரட்டும்" என்றார் டாக்டரம்மா.

ஓரமாக நின்றார்கள். சபை முழுக்கப் படிக்கட்டில் நின்று தெரு வாசலைப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. அக்காவும் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்தார், யாராவது வந்துவிட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கே. கால் மணி ஆனதும் டாக்டரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வரமாட்டாங்க போல இருக்கே! நாம என்ன தப்புப் பண்ணோம்?"

சோப்பு போட்டுத் தேய்த்த வியர்வை அக்காவுக்குக் கழுத்தில் வழிந்தது. இதற்கு மேல் தாங்காது என்று கோட்டைக் கழற்றி, அதிலேயே முகத்தைத் துடைத்தார்.

டாக்டரம்மா திரும்பினார். பச்சைச் சேலை. முகம் மலர்ந்து எட்டுப் பல்லும் தெரிந்தது. "சிஸ்டர்! வந்துட்டீங்களா! எப்ப..." கண் அக்காவின் கையிலிருந்த கோட்டுக்குப் போயிற்று. திரும்பச் சேலைக்கு வந்தது. கோட்டு, சேலை, கோட்டு. வாய் திறந்தபடி நின்றது, ஈறு எல்லாம் தெரிந்தது.

"நான் சொன்னேங்கம்மா" என்றார் அக்கா.

செயலாளர்தான் முதலில் பேசினார். "இது என்ன ஏமாத்து வேலை? இது புதுசா வர்றவங்க கேட்டாங்கன்னு கட்டினது. நீ இங்க இருக்கற ஆளு."

அக்கா வாழ்க்கையில் சர்ச் வளாகத்துக்குள் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"என்ன சார் ஏமாத்து? என் பேரைத்தானே எழுதினேன்? இருபத்திரண்டு வருஷம்னுதானே எழுதினேன்? உங்க கையில நாலு தடவை இதையேதான் எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்து மாறல. படிச்சீங்களா இல்லையா?"

செயலாளர் கண்ணை மூடினார். பரிசீலிக்கிறோம் வரப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். வரவில்லை. மூடிய கண்ணைத் திறந்தபோது மனுஷர் ரொம்ப வயசானவர் மாதிரி இருந்தார்.

"படிச்சேன்மா. நாலையும் படிச்சேன். புது ஆளுன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம பக்கெட்டக்காதானே, எங்க போயிடப் போறான்னு... ஓரமா வச்சேன்."

இருமல்காரம்மாகூட இருமலை அடக்கிக்கொண்டார். அக்காவுக்கு, டிரைவர் முன்னால் அழக்கூடாது என்று ஒரு வைராக்கியம். "அந்த ஒம்பது வருஷம் மழையில நனைஞ்சாரே சார்" என்று மட்டும் சொன்னார்.

"ஏய், சண்டையை அப்புறம் போடு" என்றார் டிரைவர். "வண்டியைத் தள்ளு முதல்ல."

அக்கா தள்ளினார். பாதி தூரம் போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. சிமெண்டு வழவழப்பு, மேலே சோப்பு. அக்காவின் செருப்பு வழுக்கியது, நாற்காலி மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. கீழே நின்ற செயலாளர் நேராக அதன் பாதையில் இருந்தார். ஓடவும் இடமில்லை. தோளைக் கொடுத்தார். டாக்டரம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபக்கம் வந்து பிடித்தார். அவர் ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கினார். வரவேற்புக் குழு எட்டுப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் முதுகில் தள்ளினார்கள்.

"என்னைத் தொடக்கூடாது, வண்டியைத் தள்ளுங்க!" என்று டிரைவர் உத்தரவு போட்டார். "செகண்ட் கியர்! பிரேக்கை விடுங்க சார், அது பிரேக்கு! இப்ப ஒரு அழுத்து!"

ரிப்பன் அறுந்து அவர் காதில் தொங்க, மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் அவரை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோய் நிறுத்தியது. செயலாளர் முதல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா நாற்காலியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

டிரைவர் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், பெஞ்சுகளை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு மனசுக்குள் ரயில் நிலையம் அளவுக்குக் கட்டி வைத்திருந்தார் போல.

"ஏய்" என்றார், அவருக்கு மெல்லப் பேச வராது. "இவ்வளவுதானா? இத்துனூண்டு இடமா?"

"ஆமாங்க. இவ்வளவுதான்."

டிரைவர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்த நிம்மதிதான் இருந்தது.

"அதான் எனக்கு இடம் இல்லாம போச்சு" என்றார் சபை முழுக்கக் கேட்கிற மாதிரி. "நான் வேற என்னமோ நினைச்சு இத்தனை வருஷம் மனசு கஷ்டப்பட்டேன் பாரு."